கைநாட்டுக்காரரின் கையெழுத்து

1.

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் கேவலம். நான் வெளிநாட்டில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகினேன். பழகியதோடு சும்மா இருந்திருக்கலாம். என் அறையில் கீழ்க்கட்டிலில் படுக்கும் டைல்ஸ்காரருக்கும் அவர் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தேன்.

முதல் வரியாக, "பறவைக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை" என்று எழுதினேன். அடித்துவிட்டேன். பறவை டைல்ஸ் போடாது.

2.

டைல்ஸ்காரருக்கு ஓர் அண்ணன். ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. (காரணம் எழுதினால் இரண்டு பக்கம் போகும். தப்பு இரண்டு பேர் மேலும்.) இன்று காலையில் அண்ணி போன் போட்டார்.

"தம்பி, நாளைக்குள்ள வந்துடுங்க. டாக்டர் கையை விரிச்சுட்டார். இவர் உங்க பேரைத்தான் சொல்லிட்டிருக்கார்."

"திட்டுறாரா அண்ணி?"

"திட்டத்தான் கூப்பிடுறார். வாங்க."

மேஸ்திரி லீவு கொடுத்துவிட்டார். சாயங்காலம் ஏழு மணி விமானத்தில் இடமும் கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட் மட்டும் கம்பெனி அலமாரியில் இருந்தது. எங்கள் எல்லோருடையதும் அங்கேதான். வந்த அன்றைக்கே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். எங்களிடம் இருந்தால் தொலைந்துவிடுமாம்.

(இங்கே ஒரு பக்கக் குறிப்பு. அந்தப் புத்தகத்துக்குள், இதை வைத்திருப்பவரைத் தடையில்லாமல் போகவிடுங்கள் என்று போட்டிருக்கிறதாம். கம்பெனி ஆபீஸ் கிளார்க் படித்துச் சொன்னார். வைத்திருப்பது அலமாரி. அது எங்கே வேண்டுமானாலும் போகலாம். நாலு வருடமாகப் பார்க்கிறேன், ஓர் அடி நகரவில்லை.)

3.

ஆபீசில் கிளார்க் பாஸ்போர்ட் ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்தார். டைல்ஸ்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு, பெயரை முழுசாக எழுதினார். கிளார்க் அதைப் பார்த்தார். மேலே, நாலு வருடத்துக்கு முன்னால் வைத்த கைநாட்டையும் பார்த்தார்.

"என்னண்ணே இது?"

"கையெழுத்து. நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. அதுதான் பிரச்சினை. குடுக்கும்போது கைநாட்டு, வாங்கும்போது கையெழுத்தா? போன மாசம் ஒரு பிளம்பர் அடுத்தவன் பாஸ்போர்ட்டை வாங்கிட்டுப் பறந்துட்டான். என் வேலையே போகப் பார்த்துச்சு."

"தம்பி, என்னைத் தெரியாதா உனக்கு? இந்த ஆபீசுக்கு டைல்ஸ் போட்டதே நான்தானே. அதுமேலதான் நிக்கிறே."

"எனக்குத் தெரியும்ணே. ரெஜிஸ்டருக்குத் தெரியாதே."

சரியென்று கைநாட்டே வைத்தார். சிமெண்ட் தின்ற விரல், ரேகை விழவில்லை. கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. யாருடைய கட்டைவிரலாகவும் இருக்கலாம். சோடா மூடியாகவும் இருக்கலாம்.

"நாலு மணிக்கு மேனேஜர் வருவார். அவர் சரின்னா சரி," என்றார் கிளார்க். பாவம், வெளியே பெஞ்சைத் துடைத்துவிட்டதும் அவர்தான்.

4.

முடிவு ஒன்று: மேனேஜர் தலையாட்டுகிறார். டைல்ஸ்காரர் பறக்கிறார். அண்ணன் கண்ணைத் திறந்து, "வந்துட்டியாடா நாயே" என்கிறார். எழுதிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்துவிட்டது.

முடிவு இரண்டு: மேனேஜர், "நாளைக்குப் பார்ப்போம்" என்கிறார். அண்ணியிடமிருந்து மறுபடி போன் வந்து

(இந்த வாக்கியம் வேண்டாம்.)

முடிவு மூன்று: கம்பி கட்டுகிறவன் கடப்பாரையோடு வந்து அலமாரியை உடைக்கிறான். என் பாஸ்போர்ட்டும் அதற்குள்தான் இருக்கிறது. ஆகவே யோசிக்கிறேன்.

5.

இப்போது மணி மூன்று ஐம்பது. ஆபீசுக்கு வெளியே பெஞ்சில் டைல்ஸ்காரர், மடியில் பையோடு. பக்கத்தில் நான், சிமெண்ட் மூட்டைத் தாளில் இதை எழுதிக்கொண்டு.

நான் மேலே எழுதாதவரை கதையில் நாலு மணி ஆகாது. மேனேஜர் முடியாது என்று சொல்ல முடியாது. அண்ணன் சாக முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தம்பியும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க முடியாதே.

டைல்ஸ்காரர் தாளை எட்டிப் பார்க்கிறார். தன் பெயரைத் தவிர அவருக்கு ஒன்றும் படிக்கத் தெரியாது.

"என்னய்யா எழுதுறே?"

"உங்க கதைதான்."

"அதுல நான் போயிட்டேனா?"

வாசலில் மேனேஜரின் வண்டி வந்து நிற்கிறது. போனாரா இல்லையா என்று டைல்ஸ்காரரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னிடம் வேண்டாம். அவர் உங்கள் பக்கம்தான் பார்க்கிறார்.