வாக்கர் கதையில் குழந்தை விழ வேண்டுமாம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைக்கப் போவதில்லை. தோழியின் குழந்தைக்குப் பரிசு வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றை எடுத்து வைத்தார். "இதுல உக்கார வெச்சா சீக்கிரம் நடந்துரும், மேடம்." படிக்கட்டுப் பக்கம் உருண்டு போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அதப் பாத்துக்கத்தானே அம்மா இருக்காங்க?" என்று சிரித்தார்.

வாக்கரை வாங்காமலே கடையை விட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'மாலை வெயில் கூடமெங்கும் பொன்னாய்ப் பரவியிருக்க, குழந்தை தன் சின்னத் தேரில் பவனி—'

(தேராம், பவனியாம். என்னையே அறையத் தோன்றியது. அந்த வரியை அடித்தாயிற்று.)

இரண்டாவது தொடக்கம் கொஞ்சம் உருப்படி. குழந்தையின் அம்மா தையல்காரி, வீட்டிலேயே தைக்கிறாள். மாடி வீடு. கூடத்துக் கதவைத் திறந்தால் நேரே படிக்கட்டு. ஒன்பது மாதப் பெண் குழந்தைக்கு வீட்டில் செல்லப் பெயர் உருண்டை. வாக்கர், நாத்தனார் கொடுத்தது. அவருடைய பிள்ளைகள் இரண்டும் அதில்தான் சுற்றின.

ஒரு நாள் அவள் கீழே விழுந்த நூல்கண்டை எடுக்கக் குனிந்தாள். நிமிர்வதற்குள் உருண்டை வாக்கரோடு கூடத்தைக் கடந்து, மேசை விளிம்பில் கிடந்த இஸ்திரிப்பெட்டியின் வயரை இழுத்துவிட்டது. சூடான பெட்டி வாக்கரின் ஓரத்தில் விழுந்து பிளாஸ்டிக் உருகியது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை. தரையில் தவழ்ந்திருந்தால் அந்த வேகமும் வந்திருக்காது, அந்த உயரத்துக்குக் கையும் எட்டியிருக்காது.

நாத்தனார் வந்து பார்த்தார். "அதான் ஒண்ணும் ஆகலையே! எம் பிள்ளைங்க ரெண்டும் இதுலதானே வளந்துச்சு? நீ கொஞ்சம் கண்ணு வெச்சுப் பாத்துக்க."*

* இந்த 'ஒண்ணும் ஆகலையே'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தப்பித்த பிள்ளைகள்தான் வீட்டில் ஓடியாடிச் சாட்சி சொல்கின்றன. தப்பாத பிள்ளை யார் வீட்டுக்கு வந்து சொல்லும்?

3

கணவன் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். முதலில் அவனை முரடனாக எழுதினேன். திட்டுவதற்கு வசதியாக இருந்தது, ஆனால் பொய். அவன் பாசக்காரன். லிஃப்ட் மெக்கானிக். பிரேக் இல்லாத எதையும் நம்ப மாட்டான். பிரேக் போட்டுவிட்டால் எதையும் நம்பிவிடுவான்.

வாக்கரைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் ரப்பர்க் கட்டைகள் பொருத்தினான். முன்சக்கரம் படியில் இறங்கினால் கட்டை தரையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வேலையிடத்தில் லிஃப்டுக்குச் செய்வது போலவே, குழந்தையின் எடைக்கு ஒரு மணல் பையை இருக்கையில் வைத்துப் படி வரை தள்ளினான். வாக்கர் நின்றது. மறுபடி தள்ளினான். நின்றது.

"பாத்தியா? இனிமே நிம்மதியா தை."

"மணல் பைக்குக் காலு இருக்கா?"

"என்னது?"

"உங்க பை உதைக்காது. பூனையப் பாத்துப் பாயாது. இவ உதைப்பா. உதைச்சு ஓடத்தானே இதுல உக்கார வெக்கிறோம்?"

"டெஸ்ட் பண்ணியாச்சும்மா. அக்கா ஆசையா குடுத்தது. தூக்கிப் போட்டா அவ மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்."

"அக்கா மூஞ்சி பெருசா, இவ மூஞ்சி பெருசா?"

அவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

4

இதுவரை எழுதியதைப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா குழந்தை விழணும். இல்லன்னா அந்தம்மா சும்மா பயந்த மாதிரி ஆயிடும்" என்றார்.

அதாவது, ஒரு தாய் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள ஒரு பிஞ்சு மண்டை உடைய வேண்டும். நாத்தனாருக்கும் அதுதான் வேண்டும், புருஷனுக்கும் அதுதான், கதை படிப்பவர்களுக்கும் அதுதான். வெட்கமாக இல்லையா?

சரி, முடிவுகளைப் பார்ப்போம்.

உருண்டை விழுகிறது. மருத்துவமனை வராந்தாவில் கணவன் தலையில் அடித்துக்கொண்டு— (மாட்டேன். அவனுக்குப் புத்தி வர அந்தப் பிள்ளையா கிடைத்தது?)

நாத்தனாரே மனம் மாறி வந்து மன்னிப்பு— (நடக்கிற கதையா இது?)

அவளே வாக்கரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரிக்கிறாள். உருண்டை தவழ்கிறது, நாற்காலியைப் பிடித்து எழுகிறது, பொத்தென்று உட்காருகிறது. நடை பழகுவது அப்படித்தான், எந்தச் சக்கரமும் வேண்டாம். (எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அன்று சாயங்காலமே நாத்தனார் புத்தம் புதிய வாக்கரோடு வந்து நிற்பார். எனக்கு அவரைத் தெரியும்.)

5

கடைசியாக எழுதியிருப்பது இது. தைத்த துணியை வாங்க வந்தவர் கீழே நின்று கூப்பிடுகிறார். அவள் குழந்தையைப் பாயில் விட்டு, "கொஞ்சம் பாத்துக்குங்க அண்ணி" என்று வீட்டுக்கு வந்திருக்கும் நாத்தனாரிடம் சொல்லி இறங்குகிறாள். "தரையில கிடந்தா சளி பிடிக்குமே கண்ணு" என்று நாத்தனார் உருண்டையைத் தூக்கி வாக்கரில் உட்கார வைக்கிறார், அன்பாகத்தான். பிறகு போனை எடுக்கிறார். கதவு திறந்திருக்கிறது. கீழிருந்து அம்மாவின் குரல் கேட்டதும் உருண்டை சிரித்து, இரண்டு காலாலும் உதைத்து—

இதற்கு மேல் எழுத மாட்டேன். விழுந்தாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை. அந்தக் கூடத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள் ஒருவர்தான். படித்தது போதும், போய்த் தூக்குங்கள்.