பத்தொன்பதாம் குறிப்பு

வரைபடத்தை ஒப்படைக்க இருபத்தொன்பது மணி நேரம் இருந்தபோது, காலை பத்து மணிக்கு, மியூட் படிக்கட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாள்.

கட்டட மாதிரி செய்யும் மென்பொருளில் அதற்குக் கத்தி வேண்டாம். ஒரு கோடு இழுத்தால் போதும். நாலு மாடியும் பிளந்துகொண்டு உள்ளதை உள்ளபடி காட்டும். காட்டியது. பள்ளிக்கூடத்தின் அவசரப் படிக்கட்டு சுவருக்குச் சுவர் 1380 மில்லிமீட்டர். மாடித்திட்டத்தில் அதே இடத்தில் 1500 என்று இருந்தது. விதி கேட்பதும் 1500. அறுநூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் இறங்க வேண்டிய வழி.

வித்தியாசத்தை முதலில் கண்டுபிடித்தது மேஸ்திரி. முந்தைய நாள் அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டபோது, துண்டு அளவுகளைக் கூட்டினால் மொத்தத்தைவிட 120 அதிகமாக வந்தது. மூன்று முறை கூட்டினார். பிறகு பள்ளியின் தலைமை ஆசிரியையிடம் சொன்னார். ஆசிரியை சாரிடம் கேட்டார். சார் என்றால் அந்த ஆபீசை நடத்தும் கட்டடக் கலைஞர்.

மியூட் என்பது ஆபீஸ் வைத்த பெயர். வீடியோ கூட்டங்களில் அவள் மைக்கைத் திறந்ததே இல்லை. இயற்பியல் படித்துவிட்டு வந்து, மூன்றே மாதத்தில் அந்த மென்பொருளைத் தானாகக் கற்றுக்கொண்டவள். வாயால் சொல்ல வராததை எழுதி வைப்பாள். தண்ணீர்க் கேனுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்புத் தாள் அவளுடையது.

‘3. காணாமல் போன பொருள் காணாமல் போகவில்லை. நீ பார்க்கும் ஆழத்துக்குக் கீழே நிற்கிறது. ஆழத்தைக் கூட்டு, மவுஸைத் தட்டாதே.’

‘8. எச்சரிக்கைப் பெட்டி வந்தால் உடனே மூடாதே. படி. அது உன் மாமியார் இல்லை.’

‘14. ஒரு மாடியைத் திருத்தினால் நாலு மாடியும் திருந்தும். கெடுத்தாலும் அப்படியே.’

பதினெட்டுக்கு அடுத்தது இருபது. பக்கத்து நாற்காலி அக்கா மட்டும்தான் அதைக் கவனித்தாள்.

“பத்தொம்போது எங்கடி?”

“எண்ணும்போது விட்டுப்போச்சுக்கா.”

“பிசிக்ஸ் படிச்சவளுக்கு எண்ணத் தெரியலையாம். சரி, நம்பிட்டேன் போ.”

பதினொரு மணிக்கு சார் வந்து மியூட்டின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அது அவர் பழக்கம். நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அவர் பேசப் பேச உட்கார்ந்திருப்பவர் ஆடுவார்.

“நாளைக்கு மூணு மணிக்கு டீச்சரம்மா வீடியோல வர்றாங்க. அதுக்குள்ள சுவரைச் சரி பண்ணிடு. அப்புறம், இந்தத் தப்பு எப்படி நடந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுது. எப்போ, எப்படி, யாரு.”

“யாருன்னா சார்?”

“தெரியாத மாதிரி கேக்குற. நம்ம லேயர்தான்.”

லேயர் அண்ணன் ஆபீசை விட்டுப் போய் இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. பழைய வரைபட மென்பொருளில் பதினைந்து வருடம் ஊறியவர். அதில் ஒவ்வொரு கோட்டையும் ஏதாவது ஒரு லேயரில், அதாவது அடுக்கில், போட வேண்டும். புதியதில் சுவரைக் காட்டினாலும் “இது எந்த லேயர்?” என்பார், கதவைக் காட்டினாலும் அதையே கேட்பார். அதனால் அந்தப் பெயர்.

“அவர் பேர்தானே காட்டுது” என்றார் சார்.

காட்டியது உண்மைதான். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால், கடைசியாகத் தொட்டவர் பெயரை மென்பொருள் சொல்லும். ஆனால் லேயர் அண்ணன் போகிற அன்று, போகிற வழிக்குப் புண்ணியமாக, கனத்துக் கிடந்த கோப்பைச் சுத்தம் செய்து புதிதாகச் சேமித்துவிட்டுப் போனார். அதிலிருந்து எதைத் தேர்ந்தெடுத்தாலும் அவர் பெயர்தான்.

“சார், அந்த ஃபைல்ல வாசல் மரம்கூட அவர் பேர்லதான் இருக்கு.”

“மரத்தைப் பத்தி யாரும் கேக்கல.”

நாற்காலி ஒருமுறை ஆடி நின்றது. சார் போய்விட்டார்.

மதியம் லேயர் அண்ணனே போன் செய்தார். மியூட் மாடிப்படிக்குப் போய் எடுத்தாள்.

“தங்கச்சி, திங்கக்கிழமை புது ஆபீஸ்ல சேரணும். சாரோட லெட்டர் வந்தாத்தான் உக்கார விடுவாங்களாம். விசாரணை முடியட்டும்ங்கறார். என்ன விசாரணைம்மா?”

அவள் சொன்னாள்.

“நம்பரை நான் மாத்தினேனா? அந்த சாப்ட்வேர்தான் மாத்தவே விடாதே. எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன் அதுகூட.”

அதுவும் உண்மை. பழைய மென்பொருளில் கோடு வெறும் கோடு. பக்கத்தில் எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதலாம். இதில் எண் சுவரோடு பிறந்தது. சுவர் நகர்ந்தால் எண் நகரும். எண்ணை மட்டும் மாற்றித் தட்டினால் ஒரு பெட்டி வந்து, சொல் வேண்டுமானால் எழுது, எண் மட்டும் கூடாது என்று மறுத்துவிடும். லேயர் அண்ணன் அந்தப் பெட்டிக்கு ‘அரிச்சந்திரன்’ என்று பெயர் வைத்திருந்தார்.

பிறகு அவரே கேட்டார்.

“ஏம்மா, ஒருவேளை நான்தான் எங்கயாவது கை தவறித் தட்டிட்டேனா? கடைசி வாரம் எனக்குத் தலையே நிக்கல. நானாத்தான் இருக்கும்போல.”

“இல்லண்ணே.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க இல்லண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். செய்யாத மனிதர் செய்ததாக நம்பத் தொடங்கியிருந்தார். மாடிப்படிக் கைப்பிடியை விட்டுவிட்டு அவள் தன் இடத்துக்கு வந்தாள்.

சுவரைத் திருத்துவது எளிதாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு சுவருக்கும் ஒரு பிடிகோடு உண்டு. சுவர் பருத்தால், பிடிகோடு இருக்கும் பக்கம் அசையாது. மறுபக்கம் தொந்தி போடும். கட்டமைப்புப் பொறியாளர் அந்தச் சுவரை 200இலிருந்து 320ஆக்கச் சொன்னபோது, பிடிகோடு சாமான் அறைப் பக்கம் இருந்தது. தொந்தி படிக்கட்டுக்குள் வந்தது. பிடிகோட்டைப் படிக்கட்டுப் பக்கம் மாற்றி, சுவரை 120 பின்னால் தள்ள வேண்டும். சாமான் அறை சிறுத்தால் யாரும் சாகமாட்டார்கள்.

தள்ளினாள். கதவுகள் சுவரோடு சமர்த்தாக வந்தன. சுவரில் மாட்டியிருந்த தண்ணீர்க் குழாய்கள் வராமல் அந்தரத்தில் நின்றன. எச்சரிக்கை தொண்ணூற்றொன்று. ஒவ்வொன்றாகப் படித்தாள். மூன்றாம் மாடி மட்டும் அசையவே இல்லை. எப்போதோ யாரோ அதை மற்ற மாடிகளின் கட்டிலிருந்து அவிழ்த்திருந்தார்கள். அதைத் தனியாகத் தள்ளினாள்.

“மதியம் சாப்பிட்டியாடி?” என்றாள் அக்கா.

“மூணாவது மாடி வரமாட்டேங்குதுக்கா.”

“அது வரும்போது வரும். வயிறு உன்கூடத்தானே இருக்கு.”

ஐந்து மணிக்கு எச்சரிக்கை ஆறாகக் குறைந்திருந்தது. ஆறும் சாதுவானவை. படிக்கட்டை மறுபடி வெட்டினாள். நாலு மாடியிலும் 1500. இந்த முறை சுவரே சொன்னது.

அறிக்கையைச் சார் நின்றபடியே படித்தார்.

“எப்போ, எப்படி ரெண்டும் இருக்கு. யாருங்கற இடம் காலியா இருக்கு.”

‘எப்படி’ என்ற இடத்தில் சுவர் பருத்ததை மட்டும்தான் எழுதியிருந்தாள். எண் எப்படி மாறியது என்பதை அவரும் கேட்கவில்லை.

“தெரியும் சார்.”

“நிரப்பு.”

“அவர் பேரை நான் எழுதமாட்டேன் சார்.”

ஆபீசில் எட்டு விசைப்பலகைகளும் நின்றன. மியூட் ‘மாட்டேன்’ என்று சொன்னது அவர்களுக்குப் புதிது.

சார் குரலைத் தாழ்த்தினார். “போனவன் போயிட்டான். இருக்குறவங்க பொழப்பைப் பாரு. உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

“புரியுது சார்.”

“அப்ப நானே எழுதிக்கறேன்.”

“எழுதுங்க. கீழ என் கையெழுத்து இருக்காது.”

அவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் அம்மா பஸ் கண்டக்டர். இருவரும் ஒரே அறை, ஒரே சமையல் மேடை. அன்று மாலை மியூட் தட்டு கழுவியபடி முணுமுணுத்தாள்.

“யாரைத் திட்டுற?” என்றாள் அம்மா, காலணியைக் கழற்றாமலே.

“சுவத்தை.”

“சுவத்துக்குக் காதுதான் உண்டு. வாய் இல்ல. பதில் வராது.”

“நமக்கும் அப்படித்தான்.”

“உனக்குன்னு சொல்லு. நாப்பது பேர் தொங்குற பஸ்ல நான் கத்துறேன். நீ எட்டுப் பேர் இருக்குற ரூம்ல வாயைத் திறக்கமாட்ட. எனக்குத்தான் பொறந்தியான்னு சந்தேகமா இருக்கு.” அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். “வேலைக்கு ஏதாவது ஆகுமா?”

“ஆகலாம்.”

“தப்பு உன் மேலயா?”

மியூட் குழாயை மூடினாள். “டிக்கெட் எடுக்காதவனை எப்படிம்மா கண்டுபிடிப்ப?”

“என்னைப் பாக்கமாட்டான். இறங்குற வரைக்கும் ஜன்னலையே பாப்பான்.”

கழுவிய தட்டையே மியூட் இன்னொரு முறை கழுவினாள். அம்மா காலணியைக் கழற்றினாள்.

மறுநாள் மூன்று மணிக்கு எல்லோரும் அவரவர் திரையின் முன் உட்கார்ந்தார்கள். எதிர்ப்பக்கம் தலைமை ஆசிரியையும் மேஸ்திரியும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்துத் தெரிந்தார்கள். மேஸ்திரியின் பாதி முகம்தான் வந்தது. சார் காதில் இயர்போனோடு தன் போன் வழியாகக் கூட்டத்தில் சேர்ந்து, மாதிரியை மியூட் இயக்கிக் காட்டுவதற்காக அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

புதிய அளவுகளை மேஸ்திரி வாய்விட்டுக் கூட்டினார். “இப்ப இடிக்கலைங்க. சரியா இருக்கு.”

“சந்தோஷம்” என்றார் ஆசிரியை. “ஆனா முதல்ல எப்படித் தப்பாச்சு?”

சார் அறிக்கையைப் படித்தார். காலியாக இருந்த இடத்தில் அவர் கையெழுத்தில் ஒரு பெயர் இருந்தது. இப்போது வேலையில் இல்லாத ஒருவர், கவனக்குறைவாக, எண்ணை மாற்றித் தட்டிவிட்டார்.

“இனிமே இப்படி நடக்காதுங்க மேடம். இந்த சாப்ட்வேர்ல பொய் நம்பர் போடவே முடியாது. போட்டா அதுவே தடுத்துடும்.”

நுணலும் தன் வாயால் கெடும்.

“போட முடியாதா?” என்றார் ஆசிரியை. “அப்ப அவர் எப்படிப் போட்டார்?”

“அது வந்து, கொஞ்சம் டெக்னிக்கலான விஷயம் மேடம்.”

“நான் முப்பது வருஷமா சயின்ஸ் டீச்சர். சொல்லுங்க, புரிஞ்சுக்குவேன்.”

சார் அறிக்கையை மறுபடி பார்த்தார். திரையின் ஓரத்தில் மியூட்டின் பெயருக்குப் பக்கத்தில் மைக் படம் இருந்தது, அதன்மேல் சிவப்புக் கோடு. ஜன்னல் அவளுக்கு இடப்பக்கம் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மைக்கின் மேல் சுட்டியை வைத்து அழுத்தினாள். கோடு போய்விட்டது.

“நான் காட்டறேன் மேடம்.”

குரல் சொரசொரப்பாக வந்தது. அக்கா தன் திரையிலிருந்து தலையைத் திருப்பினாள்.

மியூட் படிக்கட்டு அளவைத் தேர்ந்தெடுத்து 1700 என்று தட்டினாள். மறுக்கும் பெட்டி வந்தது. “இது அரிச்சந்திரன். எண்ணை ஏத்துக்காது.” பெட்டியை மூடினாள். “இப்ப எண்ணுக்கு முன்னாடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து போடறேன். அகலமே இல்லாத இடைவெளி. பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அரிச்சந்திரன் மட்டும் அதை எண் இல்ல, வார்த்தைன்னு நினைச்சுக்குவான்.” தட்டினாள். படிக்கட்டின் மேல் 1700 என்று நின்றது. சுவர் இம்மியும் நகரவில்லை. உடனே அதை அழித்தாள். 1500 திரும்பி வந்தது.

“இது லேயர் அண்ணனுக்குத் தெரியாது” என்றாள். “இந்த ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. சுவத்துல ஒட்டியிருக்குற தாள்ல பத்தொம்போதா இதைத்தான் எழுதி வெச்சிருந்தேன். ஒட்டுறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்.”

பின்னால் நாற்காலியைப் பிடித்திருந்த கைகள் இறுகின. நாற்காலி ஆடத் தொடங்கியது. அவள் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றினாள். ஆட்டம் நின்றது.

“நீ எழுந்திரு. அப்புறம் பேசிக்கலாம்” என்றார் சார்.

“அவங்க பேசட்டும்” என்றார் ஆசிரியை.

மியூட் திரையை நேராகப் பார்த்தாள்.

“முப்பத்தஞ்சு நாளைக்கு முன்னாடி, அனுமதிக்கு அனுப்புற அன்னிக்கு, சுவர் பருத்ததால படிக்கட்டு குறைஞ்சுபோச்சுன்னு சொன்னேன். சரி பண்ண ஒரு நாள் கேட்டேன். இதோ இப்ப நிக்கிற இடத்துலதான் சார் நின்னுட்டிருந்தார். சுவரை நாளைக்குப் பாத்துக்கலாம், இன்னிக்கு நம்பரை மட்டும் மாத்துன்னார். நாளைக்கு அவரும் கேக்கல, நானும் சொல்லல. மாத்தினது நான்தான் மேடம்.”