ஐஸ் பேக்டரி மதிலில் ஒரு ஜகா

ஐஸ் பேக்டரி மதிலில் எழுதிய எதையும் அழிக்கக் கூடாது. மறுபடி ஆடினால் பழையதைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதலாம், அவ்வளவுதான். காசிமேட்டுப் பையன்கள் தாங்களாகப் போட்டுக்கொண்ட சட்டம் இது ஒன்றுதான். மற்ற சட்டங்களையெல்லாம் டிவி கொடுத்தது.

அந்த வருஷங்களில் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஜப்பான் கார்ட்டூன் தமிழ் பேசிக்கொண்டு வரும். தாய்கோ என்று ஒருவன், ஷிரானே என்று ஒருவன். இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை. ஆனால் கத்தி எடுக்க மாட்டார்கள், சீட்டைத்தான் எடுப்பார்கள். ஒரு சீட்டை மேசையில் அறைந்தால் அதிலிருந்து பூதமோ பாம்போ புகை கக்கிக்கொண்டு எழுந்து வரும். அதே படம் போட்ட சீட்டுகள் பர்மா பஜாரில் வந்து இறங்கியபோது, தெருவில் ஒரு கட்டாவது வாங்காத பையன் இல்லை.

சிக்கல் என்னவென்றால், சீட்டில் அச்சடித்திருந்தது ஜப்பான் எழுத்து. எது எதை வெட்டும் என்று படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. டிவியில் கேட்டதுதான் கணக்கு. அதனால் டிவியில் நடப்பதுபோலவே ஆடுவது என்று பையன்கள் வைத்துக்கொண்டார்கள். சீட்டைப் போட்டால் மட்டும் போதாது. அந்தச் சீட்டுக்கு டிவியில் வரும் வசனத்தை ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அதற்கு உயிர். சொல்லாவிட்டால் வெறும் அட்டை. ஆகவே வாரம் முழுக்க "இன்னாபா, அப்பால வா" என்று பேசிய வாய்கள் ஞாயிற்றுக்கிழமை மதில் நிழலில் உட்கார்ந்து, "அகந்தை பிடித்தவனே, உன் ஆட்டம் இன்றோடு முடிந்தது!" என்று முழங்கும். எதிரே வலை கட்டிக்கொண்டிருப்பவர்கள் சிரித்துச் சிரித்து முடிச்சைத் தவறவிடுவார்கள்.

ஆட்டம் முடிந்ததும் மதிலில் பெயர் ஏறும். ஜெயித்தவனுக்கு 'ஜெயம்'. தோற்றவனுக்கு 'தோல்வி'. சவால் விட்டுவிட்டு வராமல் போனவனுக்கு 'ஜகா'. தோல்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது எல்லார் பெயருக்கு நேராகவும் இருந்தது. ஜகா அப்படியில்லை. ஜகா வாங்கினவனைத் தெருவில் ஒரு ஆளாகவே சேர்க்க மாட்டார்கள்.

ஹெப்சிபாவின் தம்பி சைமன் பெயருக்கு நேராக அதுதான் எழுதியிருந்தது.

எழுதியவன் பகலவன். வியாசர்பாடியிலிருந்து குடிவந்த குடும்பம். அப்பா விசைப்படகுகளுக்கு நம்பரும் பெயரும் எழுதுகிறவர். வந்த ஆறு மாதத்தில் தெருவில் ஒருவனையும் மிச்சம் வைக்காமல் தோற்கடித்தான். சைமனை மட்டும் இன்னும் தொடவில்லை. சைமன் எல்லார் முன்னாலும் சவால் விட்டான், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும், மதியக் குழம்புக்கு நண்டு பிடித்து வருகிறேன் என்று கடற்கரைக் கருங்கற்களுக்குப் போனான். பாசி படிந்த கல். கீழே அலை.

பகலவன் வெயில் உச்சிக்கு ஏறும் வரை மதிலடியில் காத்திருந்தான். கோபம் தலைக்கேறி, அப்பாவின் சிவப்புப் பெயின்டை எடுத்து வந்து, 'சைமன் – ஜகா' என்று பெரிதாக எழுதினான். பெயின்ட் காய்வதற்குள் செய்தி வந்துவிட்டது. எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? படகுக்கு அடிக்கிற பெயின்ட், கடல் தண்ணீருக்கே போகாது.

அடக்கம் முடிந்து ஹெப்சிபா மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். டோல்கேட் பக்கம் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை. பஸ்ஸுக்குப் போகிற வழியில் மதில். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அவளால் தாங்க முடியாமல் போனது வேறொன்று. அம்மா அடைக்கலமேரிக்குப் படிக்கத் தெரியாது. இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. ஆனால் மகன் பெயர் மட்டும் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் பார்த்துப் பார்த்துக் கண்ணில் தங்கிவிட்ட எழுத்து. ஒருநாள் மதிலைக் காட்டி, "இன்னாடி, நம்ம சைமன் பேருல்ல? பக்கத்துல இன்னா எழுதிகீது?" என்று கேட்டாள்.

"பசங்க ஞாபகமா எழுதி வெச்சிகீறாங்கம்மா," என்றாள் ஹெப்சிபா. வேறு என்ன சொல்வாள்?

அதிலிருந்து அடைக்கலமேரி கம்பெனி விட்டு வரும்போது ஒரு முழம் பூ வாங்கி, மதில் ஆணியில் மாட்டிவிட்டு, இறால் நாறும் விரலால் அந்த எழுத்துகளைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டு வருவாள். சில நாள் 'சைமனை'த் தொடுவாள். சில நாள் கை 'ஜகா'வின் மேல் விழும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹெப்சிபா தம்பியின் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனாள்.

பையன்கள் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். பகலவன் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

"யக்கா, நானே சொரண்டிட்றேன்க்கா," என்றான். "பசங்க இன்னா சொன்னாலும் சர்தான். உப்புத்தாளு வெச்சி இப்பவே சொரண்டிட்றேன்."

"சொரண்டுனா?"

"போய்டும்."

"அவன் பேரும் போய்டும். எங்கம்மா வந்து எங்கடி பேருன்னு கேக்கும். அத்த வுடு. நீ பாவம் பாத்து சொரண்டுனா, அவன் ஜகா வாங்குனது மெய்தான், மூடி மறைச்சிட்டாங்கன்னு ஆய்டும். அத்த மாத்தறதுக்கு உங்க ரூல்ல ஒரு வழிதான் கீது. ஒக்காரு."

ஆட்டத்துக்கு நடுவராக இருக்கும் செங்குட்டுவன் குறுக்கே வந்தான். குரல் உடைகிற வயசு. ஒரு வார்த்தை கீச்சென்றும் அடுத்த வார்த்தை கரகரவென்றும் வரும். "அதெப்டிக்கா? சவால் வுட்டது சைமன். நீ எப்டி ஆடுவ?"

"தாய்கோ காய்ச்சல்ல படுத்தப்போ அவன் கட்ட எட்த்துகினு யார்டா போனது?"

"அவன் தோஸ்து."

"ஷிரானே இன்னா சொன்னான்?"

பையன்கள் தங்களை மறந்து ஒரே குரலில் சொன்னார்கள்: "கட்டு எவர் கையிலோ, போர் அவருடையது!"

"அது காச்சலுக்கு," என்றான் செங்குட்டுவன் விடாமல். "செத்துப் போனவனுக்கு டிவில ரூல் வர்லயேக்கா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான்.

"வர்லல்ல?" என்றாள் ஹெப்சிபா. "அப்ப இன்னிக்கு நாம போட்டுக்கலாம்."

பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த சீனியம்மாள் நின்றுவிட்டாள். "அடி பாவி, தம்பிக்கு முப்பதாம் நாள் பூசகூட ஆவல, நடுத்தெருவுல சீட்டாட்றியா?"

"ஆமா அத்தே, ஆட்றேன். கூடைய எறக்கி வெச்சிட்டு ஒக்காந்து பாரு. ஜெயிச்சா கைதட்டு."

சீனியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கூடையை இறக்கி வைத்தாள்.

வழக்கப்படி இருவரும் முதலில் தங்கள் ஏழு சீட்டுகளையும் எல்லோரும் பார்க்க விரித்துக் காட்டினார்கள். சைமனின் கட்டில் பெரியது எரிமலை வேந்தன். அதை வெட்ட உலகத்தில் ஒரே ஒரு சீட்டுதான் உண்டு, ஷிரானேயின் பனிநாகம். அது பகலவனிடம் இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. முதல் இரண்டு சீட்டுகளை ஹெப்சிபா இழந்தாள். பையன்கள் பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். அவளுக்கு எரிச்சலாக வந்தது. மூன்றாவதாக இரும்புக் கழுகைப் போட்டு, "வானம் எனக்குச் சொந்தம், உன் நிழலும் எனக்குச் சொந்தம்!" என்று அவள் குரல் உயர்த்தியபோது உச்சுக்கொட்டல் நின்றது. சைமனின் கழுத்து நரம்பு புடைக்கும் அதே இடத்தில் அவளுக்கும் புடைத்தது. வலைக்காரர்கள் சிரிக்கவில்லை.

வீட்டில் சைமனோடு தினமும் ஆடியவள் அவள்தான். அவன் எப்போதும் தாய்கோ. அவளுக்கு வேறு வழியில்லை, அவள் ஷிரானே. ஷிரானேயின் வசனம் முழுக்க அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவள் சொல்லி முடித்ததும் சைமன் கட்டிலிலிருந்து தரையில் உருண்டு, நாக்கைத் தொங்கப்போட்டுச் சாவான். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஒரு வார்த்த வுட்டுட்டக்கா, செல்லாது," என்பான்.

ஆளுக்கு மூன்று வெற்றி. கையில் கடைசிச் சீட்டு. அவளிடம் என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், அவனிடம் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். நடுவில் எத்தனையோ ஆசை காட்டினாள், அவன் பனிநாகத்தை வெளியே விடவேயில்லை. நன்றாக ஆடுகிறான், இவனை ஜெயிப்பது லேசில்லை என்று சைமன் வீட்டில் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

வேந்தனைப் போட்டாள். "ஏழு மலைகளின் நெருப்பை நெஞ்சில் சுமப்பவன் நான்! என் எதிரே நிற்கத் துணிந்தவன் எவன்?"

பகலவன் பனிநாகத்தைத் தரையில் வைத்தான். வாயைத் திறந்தான். மூடினான்.

"சொல்றா," என்றான் செங்குட்டுவன்.

"மறந்துட்ச்சி."

"இன்னாது?"

"டயலாக் மறந்துட்ச்சிபா."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு கூட்டம் ஓவென்று கத்தியது. பனிநாகம் வெறும் அட்டை! வேந்தன் நிற்கிறான்! சைமன் ஜெயம்! சீனியம்மாள் கைதட்டினாள். யாரோ பெயின்ட் டப்பாவைத் திறக்கவே ஆரம்பித்துவிட்டான்.

ஹெப்சிபா பகலவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க பாரு," என்றாள். "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அந்த டயலாக்க சொல்வ நீ."

"மெய்யாலுமே மறந்துட்ச்சிக்கா."

"டபாய்க்காத. எங்கம்மா போட்ற பூவப் பாத்துட்டு பிச்ச போட்றியா?"

"ஜெயிச்சதா வெச்சிக்கக்கா," என்றான் அவன் மெதுவாக. கண் கலங்கியிருந்தது. "நான் எழுதாம இருந்திருக்கலாம். எனக்குத் தூக்கமே வர்ல."

"நீ தூங்கறதுக்கு எந்தம்பிக்குப் பொய் ஜெயமா? அவன் இருந்திருந்தா இந்த ஜெயத்த உன் மூஞ்சிலயே வீசிட்டுப் போய்ருப்பான்." அவள் பையன்கள் பக்கம் திரும்பினாள். "வசனத்த யார் சொல்லணும்னு ரூல்ல கீதா? சீட்டு கீழ வந்தாச்சு. யார் சொன்னாலும் உயிர் வரும்ல?"

செங்குட்டுவன் யோசித்தான். இதற்கும் டிவியில் விடை இல்லை. "வரும்னுதான் நெனைக்கிறேன்," என்றான்.

ஹெப்சிபா நிமிர்ந்து உட்கார்ந்து பனிநாகத்தின் மேல் கை வைத்தாள். அவளுடைய வேந்தன் எதிரே கிடந்தான். தன் குரலைத் தாழ்த்தி, பல்லிடுக்கில் குளிரை வைத்துக்கொண்டு பேசும் ஷிரானேயின் குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"உன் நெருப்பு எத்தனை உயரம் எழுந்தாலும், என் பனிக்கு அது ஒரு மிடறுதான். விழு, வேந்தனே! ஆனால் நின்று போரிட்டு விழுந்தாய் என்பதை உன் பகைவன் நானே சொல்வேன்."

ஒரு வார்த்தை விடவில்லை.

வேந்தனைத் தன் கையாலேயே கவிழ்த்துப் போட்டாள். "எழுது," என்றாள் பகலவனிடம்.

அவன் பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்தான். 'ஜகா'வின் குறுக்கே கோடு போட்டான். பக்கத்தில் 'தோல்வி' என்று எழுதினான். மதிலில் எல்லார் பெயருக்கு நேராகவும் இருந்த அதே வார்த்தை. சைமன் இப்போது அவர்களில் ஒருவனாக, தோற்றவர்களின் வரிசையில், தலை நிமிர்ந்து நின்றான். சாயங்காலம் அம்மா கேட்பாள், புதிதாக என்ன எழுதியிருக்கிறது என்று. ஆடினான், தோத்துட்டான்னு எழுதிகீதும்மா என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம்.

தோற்றவனின் கடைசிச் சீட்டு ஜெயித்தவனுக்கு. பகலவன் அதை எடுத்து அவளிடமே நீட்டினான். "வோணாக்கா. இது சைமன்து."

"உன்து. நீ ஜெயிச்சிட்ட." எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "மழையில நனைக்காம பத்ரமா வெச்சிக்கோ. அடுத்த ஞாயித்துக்கெழம வந்து நான் எட்த்துக்கறேன்."

"யார் பேர்லக்கா?" என்றான் செங்குட்டுவன். பாதி கீச், பாதி கரகர.

"என் பேர்ல. உங்க மதில்ல பொம்பள பேரு ஏறாதா?"

ஹெப்சிபா மீதிக் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"பகலவா! அன்னிக்கும் மறந்துட்ச்சின்னு சொன்ன, உன் பேருக்கு நேரா ஜகான்னு நானே எழுதுவேன். பெயின்ட் மட்டும் எட்த்துகினு வா."