ரொட்டிக்கடைக்காரர் மனைவி தூங்கிய கடல்

அந்தச் சனிக்கிழமை காலை கடல் அலையடிப்பதை நிறுத்தியதற்குக் காரணம், ரொட்டிக்கடைக்காரரின் மனைவி அதன்மேல் தூங்கிவிட்டதுதான். குளிக்கலாம் என்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவள், உடம்பைத் தளர்த்தி மல்லாக்கச் சாய்ந்தாள், கண் மூடியது, அவ்வளவுதான். கரையை நோக்கி வந்துகொண்டிருந்த அலை பாதி எழும்பிய நிலையில் தயங்கி, சத்தமில்லாமல் அடங்கியது. பின்னால் வந்தவையும் ஒவ்வொன்றாக அடங்கின. விடுதி அறைகளில் படுத்திருந்தவர்கள் இரைச்சல் நின்றதில் திடுக்கிட்டு விழித்து, காது அடைத்துக்கொண்டதோ என்று விரலை விட்டுக் குடைந்தபடியே பால்கனிக்கு வந்தார்கள். கடல் துடைத்து வைத்த மேசைபோல் கிடந்தது.

மணலில் உட்கார்ந்திருந்த ரொட்டிக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். கடையை இரண்டு நாள் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, மகள்தான் அவர்களைப் பிடித்துத் தள்ளாத குறையாக இங்கே அனுப்பிவைத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. வந்த முதல் காலையிலேயே மனைவி பலகைபோலத் தண்ணீரில் கிடப்பதைப் பார்த்ததும், போய்விட்டாள் என்றே நினைத்தார். செருப்போடு கடலுக்குள் ஓடி, தடுமாறி விழுந்து, எழுந்து, அவளிடம் போய்க் குனிந்தார். அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

உயிர் இருக்கிறது என்ற நிம்மதியைவிட அந்தக் குறட்டைதான் அவரை உலுக்கிப்போட்டது. இவள் குறட்டை விடுவாள் என்பதே அவருக்குத் தெரியாது. பல வருடங்களுக்கு முன் கடை அடுப்பின் கதவு வெடித்து அவருடைய இரண்டு கைகளும் வெந்துபோயின. ஆறியபோது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அன்றிலிருந்து விடியுமுன்னே எழுந்து மாவு பிசைந்தவள் அவள். அடுப்பைப் பற்றவைத்தவள், கல்லாவில் நின்றவள், அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டவள், சோற்றைப் பிசைந்து ஊட்டியவள் அவள். கல்யாணமான நாளிலிருந்தே அவர் தூங்கிய பிறகு படுத்து, அவர் விழிக்குமுன் எழுந்துவிடுவாள். தூங்கும் மனைவியின் முகத்தை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறோம் என்று உறைத்தபோது, அவருக்கு யாரோ நெஞ்சில் ஓங்கிக் குத்தியதுபோல் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. புருவங்களுக்கு நடுவே எப்போதும் இருக்கும் சுருக்கத்தைக் காணோம். யாரோ ஒரு சின்னப் பெண்ணைப் பார்ப்பதுபோல் அவர் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார்.

வெயில் ஏறுவதற்குள் கரையில் கூட்டம் கூடிவிட்டது. மீன்பிடிப் படகுகள் கிளம்ப முடியவில்லை. என்ஜின் ஓடியது, புகை வந்தது, ஆனால் தண்ணீர் அசைந்துகொடுக்காததால் படகு இருந்த இடத்திலேயே இருந்தது. மீன் ஏலம் விடுகிற அம்மாள், அந்தக் கரை முழுக்க அதட்டிவைத்திருக்கும் குரலோடு தண்ணீருக்குள் இறங்கி வந்தாள்.

"அவங்களை எழுப்புங்கண்ணே. அம்பது குடும்பம் அடுப்பு பத்தவைக்கணும்."

"எழுப்ப மாட்டேன்."

"என்ன மாட்டேன்? தூங்குறதுக்கு உங்களுக்கு ரூம் இல்லையா?"

அவர் இரண்டு கைகளையும் விரித்து மனைவிக்குக் குறுக்கே நின்றார். ஒட்டிப்போன விரல்களை ஏலக்கார அம்மாள் அப்போதுதான் பார்த்தாள்.

"இவ தூங்கி நான் பாத்ததே இல்லம்மா," என்றார் அவர். "இத்தனை வருஷத்துல ஒருநாள்கூடப் பாத்ததில்ல. எனக்கே இப்பத்தான் தெரியுது."

அந்த அம்மாள் கரைப்பக்கம் திரும்பி, வாழ்க்கையில் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி, "யாரும் மூச்சு விடக் கூடாது, சொல்லிட்டேன்," என்றாள். அவளுடைய கணவன் தலையைக் குனிந்துகொண்டு மணலைப் பார்த்தான். அன்றைக்கு வேறு சில கணவன்மார்களும் மணலைப் பார்த்தார்கள்.

விடுதிக்காரர் ஒரு குடை கொடுத்தனுப்பினார். பிடிக்க முடியாத கையில் அதைத் துண்டால் கட்டிக்கொண்டு, வெயில் நகர நகரத் தானும் நகர்ந்து, ரொட்டிக்கடைக்காரர் மனைவியின் முகத்துக்கு நிழல் பிடித்தார். யாரோ அவருக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போனார்கள். கடற்பறவைகள் நிலைகொள்ளாமல் நடந்து திரிந்தன. தூரத்தில் ஒரு கப்பல் நட்டுவைத்ததுபோல் நின்றது. இரவு போய் மறுநாளும் வந்தது. அவள் ஒருமுறை புரண்டு படுத்தாள். கடல் அதற்கு இடம் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கண்ணைத் திறந்தாள். முதல் அலை மெல்ல எழும்பி, அவளைக் காலூன்றி நிற்கவைத்துவிட்டுக் கரைக்குப் போனது.

"ஐயையோ, அடுப்பு பத்தவைக்கலையே!"

"பொண்ணு பாத்துக்குவா," என்றார் அவர். நேற்றிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். "உனக்கு ரொம்ப நன்றிம்மா."

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஈரக் கையால் அவர் நெற்றியையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்தாள். "என்னங்க ஆச்சு உங்களுக்கு? டாக்டர் ஏதாவது சொன்னாரா? என்கிட்ட மறைக்கிறீங்களா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் சொன்னேன்."

"சும்மா சொல்ற வார்த்தையா அது? ஈரக்குலையே நடுங்கிப்போச்சு," என்று சொல்லிக்கொண்டே அழுதாள். பிறகுதான் கரையில் நின்ற கூட்டத்தைக் கண்டு விக்கித்துப்போனாள். "இவ்வளவு பேர் பாத்துட்டா இருந்தாங்க? குறட்டை விட்டேனா?"

"ஒரு சத்தமும் கேக்கலையே," என்று ஏலக்கார அம்மாள் சாதித்தாள். கரையே தலையாட்டியது.

ஊர் திரும்பிய பின் கடைக்கு மாவு பிசைய ஓர் ஆள் வைத்தார்கள். அடுப்பைப் பற்றவைக்கும் வேலையை ரொட்டிக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். மணிக்கட்டில் கரண்டியைக் கட்டிக்கொண்டு தானே சாப்பிடப் பழகினார். அவள் விடிந்த பிறகும் தூங்கக் கற்றுக்கொண்டாள். அவள் தூங்குகிற நேரத்தில் மட்டும் அந்தத் தெருவில் எந்தக் குழாயிலும் தண்ணீர் வருவதில்லை. முதல் வாரம் குழாய் ரிப்பேர்காரர் வந்து, குழாயைக் கழற்றிப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு, "வீட்ல அம்மா தூங்குறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வருடங்கள் போயின. அண்மையில் தெருக்கோடிக்குக் குடிவந்த ஒருவர் காலிக் குடத்தோடு வெளியே வந்து, தண்ணீர் எப்போது வரும் என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டார். எதிர்வீட்டுக்காரர் ரொட்டிக்கடை மாடியின் மூடிய ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார்.

"எந்திரிச்சதும் வரும்," என்றார். "குடத்தை மெதுவா வைங்க."