கூரையில் இத்கிர் புல்

சிமாக் மக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்தத் தெரு ஆடுகூட எழுந்து வேறு நிழலுக்குப் போய்விடும். அதைச் சொல்லிக் குற்றமில்லை. அதுவும் அதன் முன்னோரும் முப்பது வருடமாக ஒரே பேச்சைக் கேட்டுவருகிறார்கள்.

மக்காவின் காற்று, மக்காவின் மலை, மக்காவின் கிணற்றுத் தண்ணீர். அங்கே வெயில்கூட ஒரு முறையோடு அடிக்கும் என்பார். மரமில்லாத, வயலில்லாத ஒரு பாறைப் பள்ளத்தை இவ்வளவு புகழ்கிறவருக்கு ஒரு தோப்பு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பக்கத்து வீட்டு கப்ஷா கேட்பாள். தோப்பு கிடைத்துத்தான் இருந்தது, மாமனார் கொடுத்தது. அதை அவர் புகழ்ந்து மதீனாவில் யாரும் கேட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் புல். இத்கிர் என்று பெயர், மலைச்சரிவில் முளைக்கும் வாசனைப் புல். மக்காவின் புனித எல்லைக்குள் ஒரு செடியைக் கிள்ளக் கூடாது. இதற்கு மட்டும் விலக்கு உண்டு, வீட்டுக் கூரைக்கும் வேண்டும், கப்று என்னும் புதைகுழியில் கல்லிடுக்கை அடைக்கவும் வேண்டும் என்பதால். மழை பெய்தால் கூரையிலிருந்து அதன் வாசம் இறங்கும் என்று சிமாக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மதீனாவில் கூரைக்குப் பேரீச்ச மட்டை. மழை பெய்தால் கூரையிலிருந்து மழைதான் இறங்கும்.

அவர் மனைவி உனைசா இந்த ஊர்க்காரி. ஒரே இறைவனை நம்பியதற்காக மக்காவில் அடிபட்டு, வீடு வாசலை விட்டு நம்பிக்கையாளர்கள் மதீனாவுக்கு வந்துசேர்ந்தபோது, யார் யாரை வீட்டுக்கு அழைத்துப்போவது என்று ஊர்க்காரர்களுக்குள் போட்டி, கடைசியில் சீட்டுக் குலுக்கினார்கள். உனைசாவின் தகப்பனார் கையில் வந்த சீட்டு சிமாக். மெலிந்த வியாபாரி. பேரீச்ச மரத்தில் ஏறச் சொன்னால் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அங்கிருந்தே தொழுகை நேரம் விசாரித்த ஆள். வந்த மாதமே இந்த ஊர்க் காய்ச்சல் பிடித்துப் படுத்தார். வாற்கோதுமைக் கஞ்சி கொண்டுபோன உனைசா, ஒரு மனிதன் தாயையோ காதலியையோ விட்டுவிட்டுப் புல்லை நினைத்து அழுவதை அன்றுதான் முதல்முறை பார்த்தாள். அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஏன் நின்றாள் என்பது தெருவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை.

அவளுக்கு ஒரு பயம் மட்டும் உண்டு. கப்ஷா உட்பட யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் கப்ஷாவுக்குத் தெரியும். இந்த மனிதர் ஒருநாள் மக்காவுக்குப் போனால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார் என்ற பயம்.

அதற்கு மார்க்கத்திலேயே தடை இருந்தது. இறைவனுக்காக மக்காவைத் துறந்து வந்தவர்கள் ஹஜ் கடமைகள் முடிந்தபின் மூன்று இரவுக்கு மேல் அங்கே தங்கக் கூடாது. விட்டது விட்டதுதான். அப்படித் துறந்து வந்த ஒருவர் பிறகு மக்காவிலேயே இறந்துபோனதற்காக நபியவர்கள் வருந்தியதை மதீனாவில் அறியாதவர் இல்லை. ஆனால் நபியவர்கள் மறைந்து எத்தனையோ வருடமாயிற்று. இஸ்லாம் ஈராக், ஷாம், மிஸ்ர் என்று தூர தேசங்களுக்குப் பரவி, உனைசாவின் மகன் உமாராவே கூஃபாவின் படைவீட்டில் குடித்தனம் நடத்துகிறான். ஒரு கிழவர் ஒரு மூலையில் நாலாவது இரவு படுத்தால் யார் வந்து எழுப்பப்போகிறார்கள்?

மக்கா போரில்லாமல் கைக்கு வந்த நாளில் சிமாக்கும் படையோடு போனவர்தான். தன் தெருப் பக்கமே எட்டிப் பார்க்காமல் திரும்பிவிட்டார். அதற்கப்புறம் ஹஜ் என்றாலே முழங்கால் வலி வந்துவிடும். இந்த வருடம் அங்கிருந்து வந்த ஒரு வியாபாரி, அவருடைய தங்கை ரய்தா சொல்லியனுப்பியதைச் சொன்னார். அண்ணன் தம்பிகளில் மிச்சம் அவர் ஒருவர்தானாம், புருஷனும் போய்விட்டானாம், வீட்டில் ஆளில்லையாம், வரச் சொன்னாளாம். மறுநாள் பார்த்தால் முழங்கால் வலியைக் காணோம்.

கப்ஷாவும் அவள் புருஷன் ஜுலாஸும் அதே கூட்டத்தில் கிளம்பினார்கள். ஹஜ் கடமை ஒன்று, வேடிக்கை ஒன்று.

"ஏ உனைசா, அந்த மூணு ராத்திரி அவருக்கு ஞாபகம் இருக்குமா?" என்றாள் கப்ஷா, ஒட்டகத்தை நெருக்கி ஓட்டிவந்து.

"இருக்கும்."

"முன்னே ஒருத்தர் கால் சுளுக்கிடுச்சுன்னு தங்குனாராம். சுளுக்கு இன்னும் சரியாகலையாம். அங்கேயே ஒரு கல்யாணமும் பண்ணிக்கிட்டாராம்."

"ஜுலாஸ் அண்ணன் உன்னக் கூப்பிடுறாங்க, பாரு."

"அவரு கூப்பிடல. தும்முனாரு."

உனைசா வழியிலேயே ஒரு முடிவு எடுத்துக்கொண்டாள். வாயைத் திறந்து அவரைத் தடுப்பதில்லை. ஒரு புல்லோடு முப்பது வருடம் போட்டி போட்டாயிற்று. இனி அவர் முடிவு.

கடமைகளெல்லாம் முடித்து மினாவிலிருந்து திரும்பியதும் அவர்கள் ரய்தாவின் வீட்டுக்குப் போனார்கள். மக்கத்துப் பெண்கள் புருஷனுக்கும் அண்ணனுக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார்கள் என்று சிமாக் மதீனாவில் அடிக்கடி சொல்வார். ரய்தா கதவைத் திறந்தாள்.

"வந்துட்டியா. வழி கேட்டியா, இல்ல நீயாவே கண்டுபிடிச்சியா?"

"ரய்தா..."

"நீ வருவேன்னு அம்மா கதவத் தாழ் போடாமலே தூங்கி செத்துப்போனாங்க. செருப்ப வெளியில விடு. அண்ணி, நீங்க உள்ள வாங்க. இவன் கொஞ்ச நேரம் அங்கேயே நிக்கட்டும்."

உனைசா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "எதிர்த்துப் பேச மாட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"இவ சின்னதுலேர்ந்தே இப்படி. இவள நான் கணக்குல சேக்கல," என்றார் சிமாக் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அன்று அவர் இருபத்தைந்து வயசுக்காரர் மாதிரி வீட்டைச் சுற்றினார். சுவரில் தாம் கிறுக்கிய கோட்டைக் கண்டுபிடித்தார். கூரைக்குக் கீழே நின்று மூக்கை உயர்த்தினார். மழை இல்லை, வாசமும் இல்லை. இருந்தும் இருக்கிறது என்றார். ரய்தா இறைச்சிக் குழம்பில் ரொட்டி பிய்த்துப் போட்டுக் கொடுத்ததை அவர் உண்ட வேகத்தில், உனைசா தன் சமையலைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்துகொண்டாள்.

அடுப்பருகே ரய்தா சொன்னாள். "இவன் போனப்ப நான் சின்னப் பொண்ணு. விடிஞ்சு பாத்தா படுக்கை இருக்கு, ஆளக் காணோம். எங்கிட்டகூடச் சொல்லல. அப்பா வீட்ல இருந்த மரச்சாமிக்கு எண்ணெய் தடவி, பையன் திரும்பணும்னு வேண்டிக்கிட்டாரு. நான் கொல்லைக்குப் போயி அண்ணன் சொல்லிக்குடுத்த மாதிரி அல்லாஹ்கிட்ட கேட்டேன். அப்புறம் எதுக்கும் இருக்கட்டும்னு மரச்சாமிகிட்டயும் கேட்டேன்."

"ரெண்டு பக்கமுமா?"

"அவசரம் அண்ணி. யாரு சீக்கிரம் அனுப்புவாங்கன்னு யாருக்குத் தெரியும்?" கரண்டியைத் தட்டி வைத்தாள். "அம்மா படுத்த அறைய சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன். ரெண்டு பேருக்கும் தாராளம். இருந்துடுங்களேன்."

உனைசா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடுப்பதில்லை என்றுதானே முடிவு. "அவருகிட்ட கேளு," என்றாள்.

ரய்தா கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. மறுநாள் மதியம் சிமாக் ஜம்ஜம் கிணற்றிலிருந்து வந்தவர் குளிருகிறது என்றார், அந்த வெயிலில். மாலைக்குள் உடம்பு கொதித்தது. தாயின் படுக்கையிலேயே கிடத்தினார்கள். தங்கை ஈரத்துணி போட, மனைவி கால் பிடிக்க, அவர் கண்ணை மூடிக் கிடந்தார்.

மூன்றாம் நாள் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் மதீனாக் கூட்டம் கிளம்புவதாக ஏற்பாடு. காலையில் கப்ஷா வந்து எட்டிப் பார்த்தாள். சுளுக்குக்காரர் கதை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கினாள். கப்ஷா ஒன்றை விழுங்கினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"ஒட்டகம் வேணாம். இவருக்குத் தாங்காது," என்றாள் உனைசா. "காய்ச்சல் இறங்கட்டும். நாலு நாள் இங்கேயே இருப்போம். அடுத்த கூட்டத்தோட வரோம்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவளுக்கே உறைத்தது. முப்பது வருடம் எந்தப் பேச்சுக்குப் பயந்தாளோ அதை அவளே பேசிவிட்டாள்.

சிமாக் கண்ணைத் திறந்தார். "ஒட்டகத்தக் கொண்டு வரச் சொல்லு."

"நோயாளிக்கு நோன்புலயே விலக்கு இருக்கு. இதுக்கு இல்லாமப் போயிடுமா?" என்றாள் ரய்தா.

"இருக்கும். எனக்கு வேண்டாம்."

"எங்க வீட்டு மண்ணு உனக்கு அவ்வளவு கசக்குதா?"

அவர் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. படுத்தபடியே பேசினார். "ரய்தா, கேளு. பத்ருப் போருக்கு எல்லாரும் போனாங்க, நான் காய்ச்சல்ல கிடந்தேன். உஹது போர்ல எல்லாரும் ஓடினப்ப நானும் ஓடினேன்."

"கொஞ்சம் முன்னாடியே," என்றாள் உனைசா, பழக்க தோஷத்தில்.

"கொஞ்சம் முன்னாடியே. ஊரக் காக்க அகழி வெட்டினப்ப மண்வெட்டிய என் கால்லயே போட்டுக்கிட்டேன். நாளைக்கு அல்லாஹ் கூப்பிட்டு, சிமாக், எனக்காக என்ன குடுத்தேன்னு கேட்டா நான் எதக் காட்டுறது? வீட்ட அப்பா வெச்சிக்கிட்டாரு. சரக்க மாமன் எடுத்துக்கிட்டாரு. அதெல்லாம் அவங்களா பிடுங்கினது. நானாக் குடுத்தது இந்த ஊரு ஒண்ணுதான். வேற எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. அதப் போயி கடைசி நேரத்துல திருப்பி வாங்கிக்கச் சொல்றியா?"

ரய்தா ஈரத்துணியைப் பிழிந்து அவர் நெற்றியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

உனைசா அவரையே பார்த்தாள். ஆடு எழுந்துபோகும் அளவுக்கு அவர் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. விட்டு வந்ததற்கு வருத்தப்படுகிறவரின் பேச்சு என்று இத்தனை வருடம் அதைக் கேட்டிருந்தாள். கொடுத்தது சாதாரணப் பொருள் இல்லை என்று இந்த மனிதர் ஊரெல்லாம் சாட்சி சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சாட்சிகள்தான் கொட்டாவி விட்டார்கள்.

ஜுலாஸும் இன்னொருவரும் அவரைத் தூக்கி, ஒட்டகத்தின் மேல் கட்டியிருந்த துணிப் பல்லக்கில் படுக்க வைத்தார்கள். உனைசா உள்ளே அவரோடு ஏறிக்கொண்டாள். ரய்தாவைக் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று கப்ஷா எல்லோருக்கும் சொல்லி முடித்த நேரத்தில், மலைப் பக்கச் சந்திலிருந்து அவள் வந்தாள். இடுப்பில் அரிவாள், தலையில் ஒரு கட்டுப் புல். ஒட்டகத்தின் பக்கத்தில் நடந்தாள்.

"எல்லைக் கல்லு வந்துடுச்சா?" பல்லக்கிலிருந்து குரல்.

"இல்ல," என்றாள் ரய்தா.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், "வந்துடுச்சா?"

"தாயிஃபுக்குப் போறப்பல்லாம் இப்படித்தான் கேட்டு உயிர எடுப்பான், அண்ணி. வரல. பேசாமப் படு."

"அப்ப வேகமாப் போகச் சொல்லு."

தன்ஈமில் புனித எல்லையைக் காட்டும் கற்கள் வந்தபோது பிற்பகல் தொழுகையான அஸ்ர் நேரம் ஆகியிருந்தது. "வந்துடுச்சு அண்ணே," என்றாள் ரய்தா. பதில் இல்லை. உனைசா பதறிப்போய் நெற்றியைத் தொட்டாள். வியர்த்துக் கொட்டி, சூடு இறங்கியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்தார். கல்லைத் தாண்டும்வரை காத்திருந்ததோ என்னவோ காய்ச்சல், அதற்கும் மக்காவை விட மனமில்லை போலும்.

ரய்தா புல்கட்டைத் தூக்கிக் கொடுத்தாள். "கூரைக்கா குழிக்கான்னு தெரியாமத்தான் அறுத்தேன். எதுக்கானாலும் போதும்."

"நீயும் எங்களோட வந்துடேன்."

"அந்தக் காய்ச்சல் ஊருக்கா? நான் மாட்டேன்." பல்லக்குத் துணியை விலக்கி அண்ணன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். "அன்னைக்கு வழியனுப்ப விடல. இன்னைக்கு அனுப்பிட்டேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். கப்ஷா மூக்கைச் சிந்தினாள். கேட்டால் புல்லின் நெடி என்றாள்.

மதீனா வந்ததும் புல் கூரைக்குத்தான் போனது. படுக்கைக்கு நேர் மேலே மட்டும் பரப்ப முடிந்தது, அவ்வளவுதான் இருந்தது. சிமாக் தேறி எழுந்து, தோப்புக்குப் போய், தொழுகைக்குப் போய், வழக்கம்போல நடமாடினார். ஒன்றுதான் மாறியிருந்தது. மக்காவைப் பற்றி அவர் பேசவில்லை. ஒரு வார்த்தை இல்லை. தெரு நிம்மதிப்பட்டது. ஆடு இருந்த இடத்திலேயே இருந்தது. உனைசாவுக்குத்தான் வீடு காலியான மாதிரி இருந்தது.

குளிர்காலத்தின் முதல் மழை ஒரு பகலில் வந்தது. கூரை ஒழுகியது, ஒழுகின இடத்தில் பாத்திரம் வைத்தாள். கட்டிலுக்கு மேலே மட்டும் தண்ணீரோடு வேறு ஒன்றும் இறங்கியது. லேசான, எலுமிச்சைத் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு வாசம். சிமாக் கட்டிலில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

உனைசா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உமாரா வாப்பா, மக்காவுல இது எப்படி மணக்கும்?"

அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். அவள் முகம் மாறவில்லை.

"இதெல்லாம் ஒரு மணமா?" என்று ஆரம்பித்தார். "அங்க மழ மொதல்ல அபூகுபைஸ் மலையில விழும். விழுந்த உடனே..."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இரண்டு முறை தும்மினார்கள். "ஏ உனைசா," கப்ஷாவின் குரல் வந்தது. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரா?"

"நான்தான் கேட்டேன்," என்றாள் உனைசா. "நீ போய்த் தும்மு."