பங்குனியில் முழங்கால் தண்ணீர்

யார் காகிதத்தோடு வந்தாலும் எதையும் குறைத்துச் சொல்வது எங்கள் தெருவின் வழக்கம். மழை பெய்யவில்லை என்போம், வெள்ளாமை கருகிவிட்டது என்போம். வறட்சி நிவாரணம் இரண்டு தடவை அப்படித்தான் கைக்கு வந்தது.

அதனால் சாத்தூர் ஜவுளிக்கடைக்காரர் மகள் ஷாஹிதா படிவங்களோடு ஊருக்குள் வந்த அன்று, அவளுக்கு முன்னால் நான் வீடு வீடாகப் போய்விட்டேன். அடுத்த வீட்டுக் குழம்பில் உப்பு கூடினால் அந்த வீட்டுக்காரனுக்கு முன்பே எனக்குத் தெரியும் என்று பேர் வாங்கியவள் நான். இதற்குப் போகாமல் இருப்பேனா?

"ஆத்துல எந்த மாசம் வரைக்கும் தண்ணி கெடக்கும்னு கேப்பாக. மாசியோட வத்திரும்னு சொல்லிருங்க" என்றேன்.

அந்தப் பெண் மதுரையில் ஆராய்ச்சி படிக்கிறாள். அணையிலிருந்து எந்தெந்த மாதம் எவ்வளவு தண்ணீர் விட்டால் கீழே ஆறு சாகாமல் இருக்கும், மீனும் மட்டிச் சிப்பியும் பிழைக்கும் என்று கணக்கெடுக்க வந்தவள். அதை ஒவ்வொரு வாசலிலும் பொறுமையாகச் சொல்லத்தான் செய்தாள். படிவத்தைப் பார்த்த பிறகு யாருக்குக் காது கேட்கும்? இருபத்திரண்டு வீட்டிலும் ஒரே பதில்.

இருபத்து மூன்றாவது வீடு நாகையா அண்ணனுடையது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்து அவர் மனைவி ராக்காயி போய்விட்டாள். அவர் அடுத்த அறையில் இருந்தார். காரியம் முடிந்ததும் நாங்கள் எல்லோரும் வேலைக்குத் திரும்பினோம். அவர் திரும்பவில்லை. ஆற்று வளைவில் உள்ள மடுவில் விராலும் கெளுத்தியும் பிடித்து, சாத்தூரில் விற்று, அதில் சாப்பிட்டார். அவரை முதலில் கிறுக்கு என்றது யார் என்று கேட்காதீர்கள். அவரிடமும் மாசிக் கதையைச் சொல்லியிருந்தேன். அவர் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் ஷாஹிதா மறுபடி வந்தாள். எழுதியதை மேலே அனுப்புமுன் ஊர் கேட்க வேண்டுமாம். கோயில் முன் உட்கார வைத்து வாசித்தாள். பங்குனி முதல் ஆவணி வரை இந்தப் பகுதி இயல்பாகவே வறண்டது, அந்த மாதங்களில் அணையிலிருந்து தண்ணீர் விடத் தேவையில்லை என்று இருந்தது.

நாகையா அண்ணன் எழுந்தார்.

"அப்ப மடுவுக்கு, தாயி?"

கோடையில் தண்ணீர் உண்டு என்றது அவர் ஒருவர்தான், இருபத்திரண்டு பேர் இல்லை என்றதால் நினைவுப் பிசகு என்று ஒதுக்கிவிட்டேன் என்றாள் அவள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நிவாரணத்துக்காக நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒத்துக்கொண்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். எங்கள் ஆட்கள் நிற்பார்களா? பஞ்சம்மாள் பங்குனியில் இடுப்பளவு தண்ணீர் என்றாள். செந்தூர்பாண்டி கழுத்தளவு என்றான். போன வருடம் நீந்தியே அக்கரைக்குப் போனேன் என்றான் கருப்பணன். அவனுக்கு நீச்சலே தெரியாது. ஷாஹிதா பேனாவை மூடினாள்.

"நீங்க எம்புட்டுச் சொல்றீக, நாகையாண்ணே?" என்று அவரை மட்டும் கேட்டாள்.

"முழங்கால்தான். அன்னைக்கும் அதான் சொன்னேன்."

அதை மட்டும் எழுதினாள். அவரோடு மடுவுக்குப் போய் அளவுகோல் வைத்தாள். கரையில் தோண்டி, பல வருடம் உயிரோடு கிடந்து வளர்ந்த மட்டியின் ஓடுகளை, மடு வற்றியதில்லை என்பதற்குச் சாட்சியாகப் பையில் போட்டுக்கொண்டாள். திருத்தி அனுப்பினாள். இப்படி முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லும் ஊரில் இன்னும் ஒரு வருடம் அளந்து பார்த்த பிறகே முடிவு செய்யலாம் என்று மேலேயிருந்து பதில் வந்தது.

அந்த வருடம் மழையும் பொய்த்தது; அணையிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. பங்குனி பாதியில் மடு சேறானது. நாகையா அண்ணன் விரால் குஞ்சுகளை வாளி வாளியாக ஊர்க் கிணற்றுக்குச் சுமந்தார். இந்தத் தடவை அவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. கிணறும் சித்திரையில் அடி தட்டியது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை கம்பெனி வேனில் அவர் ஏறினார். என் பக்கத்தில்தான் இடம் இருந்தது. எந்த அறை என்று கேட்டேன்.

"மருந்து அறைக்குத்தான் ஆள் வேணுமாம்" என்றார்.

இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.