உங்கள் அந்தரங்கம் எங்கள் பொறுப்பு

மருந்துக்கடையின் மூன்றாம் கவுண்டரில் பில் போடுகிறவளுக்குக் கம்ப்யூட்டர் அறிய பன்னிரண்டு வியாதி. உண்மையில் அவளுக்கு இருந்தது ஒன்றே ஒன்று: பித்தப்பையில் கல். அந்த ஒன்று மட்டும் எந்தப் பதிவிலும் இல்லை.

எல்லாம் ஒரு கட்டத்தால் வந்த வினை. தலைமை அலுவலகம் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு கட்டம் வைத்தது. வாங்குபவரின் கைபேசி எண்ணை அதில் அடிக்காவிட்டால் பில் வராது. இருமல் மருந்தானாலும் சரி, பஞ்சுச் சுருளானாலும் சரி, எண் விழுந்தால்தான் மெஷின் வாயைத் திறக்கும். பெரும்பாலானவர்களுக்கு இதில் ஒரு வருத்தமும் கிடையாது. கேட்காத பிறந்த தேதியையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். சிலர்தான் தயங்குவார்கள். மூலத்துக்குக் களிம்பு வாங்க வந்த பெரியவர், முடி கொட்டுவதற்குத் தைலம் கேட்கும் புது மாப்பிள்ளை, மாத்திரை அட்டையைக் கவிழ்த்து வைத்து நீட்டும் பெண்கள். எண்ணை அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவள் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. பின்னால் நிற்கும் வரிசைக்கோ காது முயல் காது. தயங்குகிறவரின் முகத்தைப் பார்ப்பாள், வரிசையைப் பார்ப்பாள், ஒரு பெருமூச்சு விட்டுத் தன் எண்ணையே அடித்துவிடுவாள். இதில் தியாகம் என்று ஒன்றும் இல்லை. நாளுக்கு ஒன்பது மணி நேரம் நிற்கும் கால்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி.

மெஷினோ சொன்னதை நம்பும் ஜாதி. அதன் கணக்குப்படி அவள் இருபத்தாறு மாதமாக முழுகாமல் இருக்கிறாள். அந்த நிலையிலேயே மூன்று முறை சிகரெட் பழக்கத்தைக் கைவிட்டிருக்கிறாள். சர்க்கரை, மூலம், வழுக்கை, படர்தாமரை எல்லாம் உண்டு. "வருங்காலத் தாய்க்கு வாழ்த்துகள்" என்றும் "மீண்டும் இளமைக் கூந்தல்" என்றும் செய்திகள் அவள் கைபேசிக்கு வந்தபடி இருந்தன. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்த அவள் கணவன் சாப்பிடும்போது அவற்றைச் சத்தமாகப் படிப்பான். எனக்குத் தெரியாமல் எவ்வளவு அனுபவித்திருக்கிறாய் என்பான்.

அட்டையைக் கவிழ்த்து வைப்பவர்களில் ஒருத்தி பள்ளி ஆசிரியை. மனச்சோர்வுக்கான மாத்திரை, மாதம் தவறாமல் வருவாள். பள்ளியில் தெரிந்தால் வகுப்பில் நிற்க விடமாட்டார்கள் என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அதற்குமேல் அவளும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை.

கல் வலித்து, ஸ்கேன் எடுத்து, இரண்டு மாதத்துக்குள் அறுவை செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, கணவன் சிரிக்காமல் சொன்னான்: "ஊரார் வியாதியை ஊட்டி வளர்த்தா தன் வியாதி தானா வளரும்னு சும்மாவா சொன்னாங்க."

கவலைப்பட ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தார்கள். கடை ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு இருந்தது. விண்ணப்பித்த நாலாவது நிமிடம் பதில் வந்தது: பன்னிரண்டு நாள்பட்ட நோய்களை மறைத்ததால் நிராகரிக்கப்படுகிறது. கடைக்கும் காப்பீட்டுக்கும் முதலாளி ஒருவரே. வலது கை விற்றதை இடது கை படித்துவிட்டது.

அந்த வாரம் பார்த்து நிறுவனம் வாடிக்கையாளர் அந்தரங்கப் பாதுகாப்பு வாரம் கொண்டாடியது. எல்லாக் கடைகளிலும் ஒரு போஸ்டர். அதில் கோட்டு போட்ட ஒருவர் கைகட்டி நின்றார். மேலே, "உங்கள் அந்தரங்கம் எங்கள் பொறுப்பு." கீழே, "அந்தரங்க அதிகாரியை நேரடியாக அழையுங்கள்." அதற்கும் கீழே கட்டைவிரல் பருமனில் அவருடைய கைபேசி எண். மருந்துக்கடையில் அந்தரங்கம் என்றால் ஒரே அர்த்தம்தான் என்பதைத் தலைமை அலுவலகத்தில் யாரும் யோசிக்கவில்லை. முதல் நாளே இரண்டு பேர் மூன்றாம் கவுண்டரில் குனிந்து, இந்த டாக்டர் சாயந்திரம் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார்கள்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவள் அவரையே பார்க்கப் போனாள். அந்தரங்க அதிகாரியின் அறைக்கு நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர். அவர் என்ன பிஸ்கட் தின்கிறார் என்பது வரை நாற்பது பேருக்குத் தெரிந்தது. அவள் பேசும்போதே அவருடைய கைபேசி இரண்டு முறை அடித்தது. எடுத்தார், கேட்டார், காது சிவந்து, "அந்த அந்தரங்கம் இல்லீங்க" என்று சொல்லி வைத்தார்.

தன் பதிவில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கலாமா எனக் கேட்டாள்.

"காட்ட முடியாதும்மா. அது வாடிக்கையாளரோட அந்தரங்கம்."

"அந்த வாடிக்கையாளர் நான்தான் சார்."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

பிறகு மனம் இரங்கினார். ஒரு வழி இருந்தது. எந்த மருந்தை உண்மையில் யார் வாங்கினார்கள் என்று எழுதிக் கொடுத்தால், வியாதிகளை உரியவர்கள் பெயருக்கு மாற்றிவிடலாம். ஒரு வெள்ளைத் தாளையும் தங்க மூடி போட்ட பேனாவையும் நகர்த்தி வைத்தார்.

அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. முகம், மருந்து, வீடு இருக்கும் தெரு வரை. விலாப்புறத்தில் கல் ஒரு சுருக்குச் சுருக்கியது. முதலில் மனதில் வந்து நின்றது ஆசிரியையின் கவிழ்ந்த அட்டைதான். பேனாவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூடினாள்.

"ஞாபகம் இல்ல சார்."

"அப்போ இத்தனை வியாதியும் உங்களோடதுதான்னு ஆயிடுமே."

"இருக்கட்டும் சார். பழகிடுச்சு."

அவர் வருத்தத்தோடு தலையசைத்து, இனி ஒரு முறை அவளுடைய எண்ணை அடித்தால் வேலை போய்விடும் என்பதையும் பொறுப்போடு எடுத்துச் சொன்னார். அவள் வீட்டுக்குப் போகும் வழியில் பொது மருத்துவமனையில் பெயரைப் பதிந்தாள். ஏழு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். கல்லிடம் அதை யார் சொல்வது?

மறுநாள் ஆசிரியை வந்தாள். அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். பின்னால் ஆறு பேர். கம்ப்யூட்டர் எண்ணைக் கேட்டது. பில் போடுகிறவள் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் கோட்டு போட்டவர் கைகட்டி நின்றார்; காலடியில் கட்டைவிரல் பருமனில் எண். கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது. அடித்தாள். "நல்வரவு, மதிப்புமிகு வாடிக்கையாளரே" என்றது மெஷின்.

மூன்று வாரம் சென்றது. ஒரு மத்தியானம் அந்தரங்க அதிகாரி கோட்டு இல்லாமல் வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தினார். அவருடைய காப்பீட்டையும் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வியாதியை மறைத்த குற்றம்தான். போதாக்குறைக்கு, வருங்காலத் தாய்க்கான வாழ்த்து அவர் கைபேசிக்கு வந்திருக்கிறது. அதை அவர் மனைவி படித்திருக்கிறாள். அந்தத் தாய் யார் என்று மூன்று நாளாகக் கேட்கிறாள். பில் எல்லாமே மூன்றாம் கவுண்டரில் போட்டது.

"யாரு வாங்கினதுன்னு சொல்லும்மா."

"காட்ட முடியாது சார். வாடிக்கையாளரோட அந்தரங்கம்."

"அந்த எண் என்னோடதும்மா!"

"தெரியும் சார். நேரடியா அழைக்கச் சொல்லி நீங்கதானே சுவத்துல எழுதி வெச்சிருக்கீங்க."

அவர் போஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். வரிசையும் பார்த்தது. பின்னால் இருந்த ஒருவர், இவர்தான் அந்த டாக்டர் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அவளை வேலையை விட்டு அனுப்ப வேண்டுமென்றால் என்ன நடந்தது என்று அவர் எழுத வேண்டும். எழுதினால் தன் பன்னிரண்டையும் மேலிடம் படிக்கும். ஆகவே முடியவே முடியாது என்றிருந்த காரியம் ஐந்து நாளில் முடிந்தது. 'தனதல்லாத நோய் நீக்கக் கோரிக்கை' என்று ஒரு படிவம் பிறந்தது. யாருடைய நோய் என்ற கேள்வியே அதில் இல்லை. கம்ப்யூட்டரில் இருந்த கட்டத்துக்குப் பக்கத்தில் 'விருப்பமிருந்தால்' என்று சின்ன எழுத்தில் ஒரு சொல் முளைத்தது. போஸ்டர் ஓசையில்லாமல் இறங்கியது.

முதல் படிவம் அவருடையது. இரண்டாவது அவளுடையது. இருபத்தாறு மாதக் கர்ப்பம் உள்பட எல்லாம் நீங்கி, காப்பீடு ஒப்புக்கொண்டு, அறுவைக்குத் தேதியும் கிடைத்தது.

படிவத்தின் தலையில் ஒரு கட்டம் இருந்தது: கைபேசி எண், கட்டாயம். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, தன் காரியத்துக்குத் தன் எண்ணை எழுதினாள்.

அறுவைக்குத் தேதி கிடைத்த அன்று சாயந்திரம் சாப்பிட உட்கார்ந்தபோது கைபேசி சிணுங்கியது. கணவன் எடுத்துப் படித்தான். "பித்தப்பைக் கல்லா? கவலை வேண்டாம்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதியைப் படிக்காமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.